மஞ்சள் கதவு வீடு

மனைவியோடு ஊர் சுற்றிப் பார்க்க வந்த தையல்காரருக்கு மூன்றாவது தெருவில் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஒரு காலத்தில் கப்பலேறிப் பிழைக்க வந்தவர்கள் குடியேறிய பகுதி அது. வீட்டுக்கொரு நிறம். சுவருக்குச் சுவர் நின்று படம் எடுக்கும் கூட்டம். கழிப்பறைதான் கண்ணில் படவில்லை.

"ரெண்டாவது காபி வேணாம்னு அப்பவே சொன்னேன்," என்றாள் மனைவி.

பழைய வீடொன்றை அப்படியே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள், மஞ்சள் கதவு, அங்கே வசதி உண்டு என்று தொப்பி விற்பவர் வழி காட்டினார். மஞ்சள் கதவு திறந்தே கிடந்தது. மனைவியை நிழலில் நிறுத்திவிட்டு அவர் உள்ளே பாய்ந்தார்.

உயிர் திரும்பி வெளியே வந்தால், கூடத்து நாற்காலியில் விறைப்பாக ஒரு பெண் சிலை. தொழில் புத்தி சும்மா இருக்குமா? சட்டைக் கையின் தையலைத் தடவிப் பார்த்தார்.

சிலை கண் சிமிட்டியது.

அப்போதுதான் மூலையில் துணி துவைக்கும் இயந்திரம் ஓடுவது காதில் விழுந்தது. குடியிருக்கும் வீடு! சட்டென்று கையைக் கூப்பினார்.

"மன்னிச்சிடுங்கம்மா, தெரியாம நுழைஞ்சிட்டேன்."

"பரவாயில்ல, நீங்க போங்க," என்றார் அந்த அம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு.

கும்பிட்டபடியே பின்வாங்கியதில் முழங்கை பட்டுப் பூச்சாடி உருண்டது. நனைந்த மேசை விரிப்பை அவசரமாக இழுத்தார். அது ஆணியில் மாட்டி, சர்ரென்று ஒரு முழம் கிழிந்தது.

காலரில் எப்போதும் நூல் கோத்துக் குத்தி வைத்திருக்கும் ஊசியை எடுத்தார். கழிப்பறை வாசலில்தான் வெளிச்சம் இருந்தது. அங்கேயே சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

"தைக்கவெல்லாம் வேணாங்க, எந்திரிங்க."

"இப்படியே போட்டுட்டுப் போக மனசு வராதும்மா."

மேசையிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. அந்த அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டார். பாவம், எவ்வளவு கோபமோ என்று தையல்காரர் இன்னும் நெருக்கமாக, இன்னும் நிதானமாகத் தைத்தார்.

தேடிக்கொண்டு வந்த மனைவிக்கு நடந்ததெல்லாம் புரிய அதிக நேரம் ஆகவில்லை. புருஷனை ஒரு பிடி பிடித்துவிட்டு, அந்த அம்மாவின் கையைப் பற்றிக்கொண்டாள். "உங்க வீட்டை இப்படி அலங்கோலம் பண்ணிட்டாரே! நீங்களும் நாலு வார்த்தை திட்டுங்க, அப்பதான் உறைக்கும்."

"இது என் வீடில்லம்மா. நானும் அவசரத்துக்குத்தான் உள்ள வந்தேன். இவரைக் கொஞ்சம் அந்த வாசலை விட்டு எந்திரிக்கச் சொல்லுங்க."