மார்க் வேண்டாத அம்மா

மார்க் வேண்டாத அம்மாக்கள் என்று ஓர் இனம் உண்டு. சிகாகோவுக்கு வடக்கே, ஏரிக்கரையோரம், எல்ம்ரிட்ஜ் மாதிரியான புறநகர்களில் செழித்து வளரும் இனம். அப்பாக்களிலும் உண்டு, ஆனால் அவர்கள் பெற்றோர் கூட்டத்தில் பாதியிலேயே போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே நழுவிவிடுவதால் கணக்கில் வருவதில்லை. வாசல் புல்தரையில் 'ஒவ்வொரு குழந்தையும் ஓர் அதிசயம்' என்று பலகை நட்டிருந்தால் சந்தேகமே வேண்டாம், அந்த வீடுதான். எதிர்வீட்டுப் பலகை தன்னுடையதைவிட இரண்டங்குலம் பெரியது என்று தெரிந்தால், அன்று அந்த வீட்டில் யாரும் நிம்மதியாகச் சாப்பிட முடியாது.

கிரெட்சன் ஹால்வர்சனை எடுத்துக்கொள்ளுங்கள். எல்ம்ரிட்ஜ் அரசுப் பள்ளிகளில் நூறு வருஷமாக மார்க் கிடையாது, ரேங்க் கிடையாது. பிள்ளைகள் மரம் அறுப்பார்கள், ஓடையை அளப்பார்கள், கோழி வளர்ப்பார்கள், தாங்களே ஒரு தபாலாபீஸ் நடத்துவார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை ஆசிரியை ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதுவார். அவ்வளவுதான் பரீட்சை. போன மாதம் பள்ளிக்குழுவுக்குப் புதிதாக வந்த ஒரு அப்பாவி, "ஆறாம் வகுப்புலேருந்து மார்க் போட்டா என்ன?" என்று கேட்டுவிட்டார். கிரெட்சன் எழுந்தாள். பதினொரு நிமிடம் பேசினாள். "என் பொண்ணு ஒரு நம்பர் இல்லைங்க!" என்று அவள் முடித்தபோது அரங்கமே கைதட்டியது. மகளோடு படிக்கும் பெட்ராவின் அம்மா லோயிஸ் பேசினபோது கிடைத்ததைவிட அதிகக் கைதட்டல்தான். எண்ணிக்கொண்டுதானே இருந்தாள்!

சரி, மார்க் இல்லாத ஊரில் யார் பிள்ளை முந்தி என்று எப்படித் தெரிந்துகொள்வது? கடிதம் எதற்கு இருக்கிறது? காபிக் கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து அம்மாக்கள் அதற்கொரு அகராதியே தயாரித்து வைத்திருக்கிறார்கள். 'துருவித் துருவிக் கேட்கிறாள்' என்றால் முதல் ரகம். 'தனக்கே உரிய வேகத்தில் வளர்கிறாள்' என்றால் கொஞ்சம் இழுபறி. 'இவள் இருப்பதே வகுப்புக்கு மகிழ்ச்சி' என்று எழுதிவிட்டார்களா? போச்சு. ட்யூஷனில் சேர்க்க வேண்டியதுதான். அதுவும் பக்கத்து ஊர் ட்யூஷனில்; உள்ளூரில் காரை நிறுத்தினால் யாராவது பார்த்துத் தொலைப்பார்கள்.

கிரெட்சனின் மகள் இங்க்ரிட்டுக்குப் பதினொரு வயது. பிள்ளைகளே பெற்றோரை உட்காரவைத்துத் தங்கள் வேலைகளைக் காட்டுகிற நாள் வந்தது. போகும் வழியில் காரில் இங்க்ரிட் பேச்சைத் தொடங்கினாள்.

"அம்மா, ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுடா கண்ணு."

"போன தடவை நான் வரைஞ்ச ஓடைப் படத்தக் காட்டினேன்ல, நீ உடனே 'பெட்ரா எத்தன வரைஞ்சா?'ன்னு கேட்ட. இன்னிக்கு யாரப் பத்தியும் கேக்காத. கேட்டேன்னா இனிமே உன்கிட்ட எதையுமே காட்ட மாட்டேன். சத்தியமா."

"சே, நான் போய் அப்படிக் கேப்பேனா?"

கேட்கவில்லைதான். முழுசாக இருபது நிமிடம் கேட்கவில்லை. இங்க்ரிட் தவளை முட்டைகளைப் பார்த்து எழுதிய நோட்டைக் காட்டினாள். தானே அறுத்து ஆணியடித்த, ஒரு கால் குட்டையான முக்காலியைக் காட்டினாள். பக்கத்து மேசையில் பெட்ரா காட்டிக்கொண்டிருந்தது முக்காலியா, இல்லை முதுகு வைத்த நாற்காலியா? கிரெட்சனின் கழுத்து தானாகத் திரும்பியது. உதட்டைக் கடித்துக்கொண்டு அதை இழுத்து நிறுத்தினாள். பாவம், அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல!

ஆசிரியை மிஸ் டனஹர் சிரித்துக்கொண்டே வந்தார். "எப்பவும் நாங்கதான் பிள்ளைங்களப் பத்தி எழுதறோம். இந்தத் தடவை பிள்ளைங்க உங்களப் பத்தி எழுதியிருக்காங்க."

இங்க்ரிட் காதெல்லாம் சிவக்க ஒரு தாளை நீட்டினாள். கிரெட்சன் படித்தாள்.

'என் அம்மா பாட்டுப் பாடிக்கொண்டே கார் ஓட்டுவார். பனிக்காலத்தில் நான் கேட்காமலேயே என் ஈரக் கையுறைகளைக் காயவைப்பார். அவர் இருப்பதே வீட்டுக்கு மகிழ்ச்சி.'

கண் கலங்கத்தான் செய்தது. இல்லையென்று சொன்னால் பாவம். ஆனால் கடைசி வரியில் போய்க் கண் நின்றுவிட்டது. மறுபடி படித்தாள். மகிழ்ச்சியா? வெறும் மகிழ்ச்சிதானா? துருவுவது, யோசிப்பது, ஒன்றுமே இல்லையா? வாயை மூடத்தான் பார்த்தாள், அது கேட்டால்தானே!

"லோயிசுக்கு என்ன எழுதியிருக்கா பெட்ரா?"

இங்க்ரிட் அம்மா கையிலிருந்த தாளை மெதுவாக வாங்கி, நான்காக மடித்து, பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள். கிரெட்சன் கையை நீட்டினாள். பை வரவில்லை.

'அடக் கடவுளே, இப்படியும் ஒரு அம்மாவா! நான் இந்த அளவுக்கு மோசமில்லையப்பா' என்று இப்போது மனசுக்குள் சொல்லிக்கொண்டீர்கள், இல்லையா? எந்த அளவுக்கு? அவளுக்கு எத்தனை மார்க் போட்டீர்கள், உங்களுக்கு எத்தனை?