குடல்வாலுக்கு ஒரு வக்கீல்

விண்ணப்பத்தின் பதினான்காவது கேள்விக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. 'குடல்வால் நீக்கப்பட்டுவிட்டது: ஆம்.' இல்லை என்று சொல்ல இடமே இல்லை. எலியானா ஓயார்சோ அளவுகோலை வைத்துத் தானே இன்னொரு கட்டம் வரைந்தாள். 'இல்லை. நீக்கும் உத்தேசமும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"கிழிஞ்சுது போ" என்றான் கணவன் ரமீரோ, மாத்தே டீயை உறிஞ்சியபடி. "நாலு தடவ எழுதிப் போட்டு அஞ்சாவது தடவ கெடச்ச வேல. ஒரு புழு சைசு சதைக்காக அதக் கெடுத்துக்கப் போறியா?"

அண்டார்க்டிகா பனிக்கண்டத்துத் தளத்தில் ரமீரோவுக்கு இரண்டு வருட விமான மெக்கானிக் வேலை. அங்கே ஆறு பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்துக்கு எலியானா டீச்சர். போகிறவர்கள் குடல்வாலை, சிலியின் தென்கோடி ஊரான புந்தா அரேனாஸிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது விதி.

"அது ஒண்ணுக்கும் உதவாததுன்னு எவன் சொன்னான்?" என்றாள் எலியானா. "வயித்தால போறப்ப நல்ல கிருமிங்க எல்லாம் அடிச்சிட்டுப் போயிடும். குடல்வால்ல பதுங்கியிருக்குற மிச்சம்தான் வெளிய வந்து மறுபடி குடித்தனம் பண்ணும். இப்ப நெறைய ஆராய்ச்சிக்காரங்க அப்படித்தான் சொல்றாங்க."

"எனக்குப் பத்து வயசுலயே எடுத்தாச்சு. நான் செத்தா போயிட்டேன்?"

"ஒரு கெட்ட சிப்பியத் தின்னா மூணு நாள் நீ கக்கூஸ்லதான் குடியிருக்க. அதே சிப்பி, எனக்கு அரை நாள்ல சரியாயிடுது. ஏன்னு யோசிச்சுப் பாரு."

ரமீரோ யோசிக்கவில்லை. ஆனால் மாத்தேயைக் கீழே வைத்துவிட்டான்.

பத்தொன்பது வருடமாக எலியானா பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கிறாள். உடம்பில் எதுவும் சும்மா இல்லை என்று வகுப்பில் சொல்லிவிட்டு, ஒரு வேலைக்காக அதை வெட்டிப் போட்டுவிட்டு எந்த முகத்தோடு கரும்பலகை முன்னால் நிற்பது?

மருத்துவக் குழுத் தலைவர் டாக்டர் போர்கெஸ் அவளை வரச் சொன்னார். மெலிந்த, நாகரிகமான மனிதர்.

"டீச்சர், தளம் இங்கேர்ந்து ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர். புயல் அடிச்சா ஒரு வாரம் விமானம் கெடையாது. அங்க குடல்வால் வீங்குனா என்ன பண்றது?"

"வீங்குறது அது ஒண்ணுதானா? டான்சில் வீங்காதா? கடவாப்பல் சீழ் பிடிக்காதா? பித்தப்பையில கல்லு வராதா? எல்லாத்தையும் எடுத்துடுவீங்களா?"

அவரை மடக்கிவிட்டோம் என்று எலியானா நினைத்தாள். டாக்டரோ பேனாவை எடுத்தார்.

"கடவாப்பல்லு சீழ்... அது திடீர்னு வருமா?"

"சொல்லாமக் கொள்ளாம வரும். ஆளு சுருண்டு விழுந்துடுவாங்க."

டாக்டர் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார். மகெய்யன் ஜலசந்திக் காற்று மேசையிலிருந்த காகிதங்களை எல்லாம் வாரிக்கொண்டு போனது. அவர் கவனிக்கவேயில்லை.

தளத்துக்குப் போகவிருந்த மூன்று குடும்பங்களுக்கும் அடுத்த வாரமே சுற்றறிக்கை வந்தது. குடல்வாலோடு டான்சிலையும், கடைசிக் கடவாய்ப்பற்கள் நான்கையும் எடுத்துவிட வேண்டும்.

அவர்களோடு தளத்துக்குப் போகவிருந்த வயர்லெஸ் ஆபரேட்டர் குஸ்மானிச் வாசலில் வந்து நின்றார். "டீச்சர், நான் குடல்வாலக் குடுத்துட்டு நிம்மதியா இருந்தேன். இப்ப நாலு பல்லும் போகுது. நீங்கதான் ஐடியா குடுத்தீங்களாமே?"

"நான் அத வேண்டாம்னு சொல்றதுக்காகச் சொன்னேன்!"

"வேண்டாததச் சொல்லிட்டீங்க, அதான் வெனை."

எலியானா அசரவில்லை. பதினோரு பக்கத்துக்குக் கடிதம் எழுதித் தலைநகர் சந்தியாகோவில் இருந்த மேலதிகாரிகளுக்கே அனுப்பினாள். எந்த உறுப்பில் என்ன கோளாறு வரும், அதற்காக உறுப்பையே எடுப்பது எவ்வளவு முட்டாள்தனம் என்று வரிசையாக விளக்கியிருந்தாள். பாராட்டிப் பதில் வந்தது. 'பயனுள்ள தங்கள் பட்டியல், தக்க நடவடிக்கைக்காக டாக்டர் போர்கெஸுக்கு அனுப்பப்பட்டுள்ளது.'

தக்க நடவடிக்கை நான்கே நாளில் வந்தது. இப்போது பித்தப்பையும் சேர்ந்திருந்தது. சதைக்குள் வளரும் கால் நகமும்.

குஸ்மானிச்சின் மனைவி, எலியானா கொடுத்திருந்த ஜாம் பாட்டிலைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தாள். குஸ்மானிச் தெருவில் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், சிறுநீரகத்தப் பத்தி மட்டும் யாருக்கும் எழுதிடாதீங்க."

"விட்டுடேன், எலி" என்றான் ரமீரோ. "இப்படியே போனா நாம அங்க வெறும் தோலாத்தான் போய் எறங்குவோம்."

"எழுதிப் புரியல. கண்ணால பாத்தா புரியும்" என்றாள் அவள்.

திருப்பி வந்த ஜாம் அதற்கு உதவியது. மாணவர்களை வைத்துக்கொண்டு, கடையில் வாங்கிய தொத்திறைச்சித் தோலில் பெருங்குடல் ஒன்று செய்தாள். அதன் ஓரத்தில் சின்னதாகக் குடல்வால். ஓரத்தில் சின்னதாகக் குடல்வால். அழகாகத்தான் வந்திருந்தது.

டாக்டரின் மேசைமேல் அதைப் பரப்பினாள். "பாருங்க டாக்டர், பெருங்குடலு காலியாயிடுச்சுன்னு வைங்க. இப்ப குடல்வால லேசா அமுக்குனா..."

லேசாகத்தான் அமுக்கினாள். தோல் படாரென்று வெடித்தது. ஜாம் மேசையிலும் சுவரிலும் டாக்டரின் வெள்ளைக் கோட்டிலும் தெறித்துச் சொட்டியது.

டாக்டர் எழுந்தார். சுவரைப் பிடித்தபடி வெளியே போனார். அரை மணி நேரம் காத்திருந்தும் அவர் திரும்பவில்லை. நர்ஸ் ஒர்த்தென்சியா ஈரத்துணியோடு வந்து, "இன்னிக்குப் போயிட்டு வாங்க டீச்சர்" என்றாள்.

"இப்படி ஒரு அவமரியாதையா?" என்று கொதித்தபடி வீடு வந்தாள் எலியானா.

குடல்வாலை எடுக்கக் கொடுத்த கெடு முடிய இன்னும் நாலு நாள்தான். அன்று சாயந்தரம் ஆறு பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் கல்வித் துறையிலிருந்து வந்தது. கடைசிப் பெயருக்கு எதிரே 'ஏழு வயது. இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாது' என்று எழுதியிருந்தார்கள். எலியானா அந்த வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வயிற்றின் வலப்பக்கத்தில் ஒருமுறை கைவைத்துக்கொண்டாள். பிறகு ஒர்த்தென்சியாவைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"என் குடல்வால எடுத்துக்கட்டும். ஆனா தோத்துப்போய்க் குடுக்கல, பேரம் பேசிக் குடுக்குறேன். எல்லாருடைய டான்சில், பல்லு, பித்தப்பை, நகம் மொத்தத்தையும் உத்தரவுலேர்ந்து எடுக்கணும். வெட்டுன குடல்வால எனக்கு ஒரு பாட்டில்ல போட்டுக் குடுக்கணும், பாடம் நடத்த."

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "டாக்டர் சம்மதிச்சிட்டாரு. இனிமே எந்த உறுப்பப் பத்தியும் அவரு காதுல விழற மாதிரி நீங்க பேசக்கூடாதாம், அது ஒண்ணுதான் அவரு நிபந்தனை."

நகர மருத்துவமனையில் ஒரு பெண் சர்ஜன் நாற்பது நிமிடத்தில் வேலையை முடித்தார். எலியானா கண் விழித்தபோது கட்டிலருகே குட்டி பாட்டில் ஒன்று இருந்தது. ஜன்னல் பக்கம் ரமீரோ சோமாசி மாதிரியான எம்பனாடா ஒன்றைத் தின்றுகொண்டிருந்தான். வாசலில் குஸ்மானிச் நான்கு கடவாய்ப்பல்லும் தெரியச் சிரித்தார்.

எலியானா பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். கண் கலங்கியது.

"பாவம், எத்தன வருஷ ஒழைப்பு" என்றாள். பிறகு தலையணையில் சாய்ந்து பல்லைக் கடித்தாள். "அந்த போர்கெஸுக்கு என்மேல அப்படி என்னதான் பகை? நான் ஒரு உறுப்புப் பேரச் சொன்னா போதும், உடனே அத வெட்டணும்னு நின்னாரே!"

ஒர்த்தென்சியா போர்வையைச் சரிசெய்தபடி குனிந்தாள்.

"அவரத் திட்டாதீங்க டீச்சர், பாவம், இருவது வருஷமா ஃபைல மட்டுமே பாத்த மனுஷன், ஒரு சொட்டு ரத்தத்தப் பாத்தாலே மயங்கி விழுந்துடுவாரு, அவரத்தான் இந்த ரெண்டு வருஷமும் அங்க ஒங்களுக்கெல்லாம் டாக்டரா அனுப்புறாங்க."