டிவியில் கலரைக் குறைப்பவர்

செருப்பைக் கழற்றுவார். "வாங்க சார்" என்று சொல்லி முடிப்பதற்குள் சோபாவைத் தாண்டி நேரே டிவியிடம் போவார். செய்தித்தாளுக்கு அடியிலிருந்து ரிமோட்டைத் தோண்டியெடுத்து, கலரை ஒவ்வொரு கோடாகக் குறைத்து, திரை முழுக்கச் சாம்பலான பிறகுதான் உட்கார்ந்து காபி கேட்பார். "கலர் கண்ண ஏமாத்தும்." அவர் போன மறுநாள், வீட்டுக்காரர்கள் டிவி ரிப்பேருக்கு ஆள் தேடுவார்கள்.

இவர்தான் கறுப்பு வெள்ளையில் மட்டுமே படமெடுக்கும் ஒரு பிரெஞ்சு டைரக்டரின் பக்தர். உங்கள் ஊரில் இல்லையா? நன்றாகப் பாருங்கள், இருப்பார். 1996இல் அமெரிக்காவில், சான் ரமோனில் ராமசுப்ரமணியன் என்ற பெயரில் இருந்தார். அந்த டைரக்டரின் பெயரை அவர் இரண்டு முறை ஒரே மாதிரி உச்சரித்ததில்லை. பாதி எழுத்துகளை மூக்குக்குள்ளேயே வைத்துக்கொள்வார். ஆனால் அந்த மனிதரின் முதல் படத்துக்குப் பாரிஸே எழுந்து நின்று கைதட்டியதையும், இரண்டாவது படத்துக்குக் கத்திவிட்டு எழுந்து வெளியே போனதையும், மூன்றாவதில் கதாநாயகியின் முகத்தையே காட்டாததால் அவள் வழக்குப் போட்டதையும், பிறகு அவர் ஏழு வருடம் சோப்பு விளம்பரம் எடுத்துக் காலம் தள்ளியதையும், ஒரு கதவை மட்டும் நாற்பது நிமிடம் காட்டி மறுபடி மேலே வந்ததையும், வலது கையை லிஃப்ட்போல ஏற்றி இறக்கி, போகிற விருந்திலெல்லாம் சொல்லுவார்.

"அந்த ஆள் மறுபடி எழுந்துக்கறதுக்குள்ள அப்பளம் நமுத்துடும். நீங்க சாப்பிடுங்கோ" என்பார் மனைவி ராஜலக்ஷ்மி.

இவரிடம்தான் போய் மாட்டினான் சபரிநாதன். பக்கத்து ஊரான ஃப்ரீமான்ட்டில் தனியாக இருந்தவன், அதிகம் பேசாதவன். ஈரோட்டில் தென்றல் என்ற பெண்ணைப் பார்த்திருந்தார்கள். போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பில்லை. ஆனால் பையன், வீடு, கார் மூன்றும் தெரிகிற மாதிரி ஒரு வீடியோ கேசட் வேண்டும் என்றுவிட்டார்கள் பெண் வீட்டார். டெக்சாஸ் மாப்பிள்ளை ஒருவனின் கேசட் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தது. நீச்சல் குளத்துக்கு முன்னால் நின்றிருந்தானாம்! சனிக்கிழமை நண்பர் சேனாபதி ஊருக்குக் கிளம்புகிறார். அவரை விட்டால் கொண்டுபோக ஆளில்லை. தெரிந்தவர்களில் வீடியோ கேமரா வைத்திருந்தவரோ ராமசுப்ரமணியன் ஒருவர்தான்.

"சிம்பிளா எடுத்தா போதும் சார்."

"சிம்பிளாத்தான் எடுக்கப் போறேன். ஆனா மூஞ்சி வேண்டாம்."

"மூஞ்சியத்தான் சார் கேட்டிருக்காங்க."

"மூஞ்சிக்கு பாஸ்போர்ட் போட்டோ அனுப்பு. நாம உன் தனிமைய காட்டறோம்."

காட்டினார். சனிக்கிழமை காலையில் அவர் கேசட்டோடு வந்து பக்கத்தில் உட்கார, சபரி அதைப் போட்டுப் பார்த்தான். அவனுடைய பின்னந்தலை பார்க்கிங்கைக் கடந்து மெல்லப் போகிறது. ஃப்ரிட்ஜ் திறக்கிறது. உள்ளே அரை வெங்காயம். மூடுகிறது. மறுபடி திறக்கிறது. அதே வெங்காயம். காரில் வைப்பர் மட்டும். இருபத்திரண்டு நிமிடத்தில் முகம் வந்தது ஒரே இடத்தில்: பாப்கார்ன் சுற்றும்போது, மைக்ரோவேவ் கண்ணாடியில், நிழலாக.

"சார், இது என் லைஃப் சார்!"

"ரெண்டாவது படத்துக்கு பாரிஸ்லயும் இப்படித்தான் கத்தினா. வெயிட் பண்ணு."

வாசலில் ஹாரன் அலறியது. "தம்பி, கேசட்ட குடுக்கறியா, இல்ல நான் ஏர்போர்ட் போகட்டுமா?" என்றார் சேனாபதி. வேறு வழி? கொடுத்தான்.

மூன்று வாரம் ஃப்ரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் வெங்காயம் இருக்கும் பக்கம் பார்க்காமல் பாலை எடுத்தான். நாலாவது வாரம் அப்பா போன் செய்தார். "சரின்னுட்டாங்கடா!"

ராமசுப்ரமணியன் வலது கையைக் கூரைவரை ஏற்றினார். "கம்பேக்! ஈரோட்டு ஆடியன்ஸ அண்டர்எஸ்டிமேட் பண்ணிட்டோம்." அன்றிலிருந்து அந்த டைரக்டரின் ஏற்ற இறக்கக் கதையில், கதவுப் படத்துக்கு அடுத்தபடியாக ஈரோடும் சேர்ந்துகொண்டது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் போன மாதம் ஒரு வரிகூடப் புரியாத கவிதையைப் படித்துவிட்டு, யாரும் கேட்பதற்கு முன்பே, "இதுல மௌனம்தான் பேசுது" என்று சொன்னது யார்?

சபரிக்கு விஷயம் தெரிந்தது கல்யாணத்துக்குப் பிறகு. நான்கு ஸ்வெட்டரோடு ஃப்ரீமான்ட் வந்திறங்கிய தென்றல், ஜன்னலைத் திறந்து வெயிலைப் பார்த்து ஏமாந்து நின்றாள்.

"ஏனுங்க, பனி எப்பங்க கொட்டும்?"

"இங்க பனியே பெய்யாதே."

"கேசட்டுல பூரா பனிதானுங்களே?"

அமெரிக்கக் கேசட் அப்படியே போட்டால் நம் ஊர் வீடியோ டெக்கில் ஓடாது. மாற்றிப் பதிவுசெய்து அனுப்ப வேண்டும். அன்றைய அவசரத்தில் அது மறந்துபோயிருந்தது. இருபத்திரண்டு நிமிடமும் ஈரோட்டில் ஓடியது வெள்ளைப் புள்ளிகளும் கோடுகளும்தான். டெக்சாஸ்காரன் ஒழுங்காக மாற்றி அனுப்பியிருந்தான். மூஞ்சி தெளிவாகத் தெரிந்ததுதான் அவனுக்கு வினையாகிவிட்டது. சபரியின் கேசட்டையோ, தென்றலின் மாமா நாகரத்தினம் டிவிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, குச்சியால் தொட்டுத் தொட்டுப் பதினெட்டு உறவினர்களுக்கு விளக்கியிருக்கிறார்:

"இது வூடு. இது காரு. இத்தன பனியிலயும் பையன் சிரிச்ச மூஞ்சியா நிக்கறான் பாருங்க!"

பதினெட்டுப் பேரும் பார்த்தார்களாம்.