ஜோடிக் குழாய்

குழாய் மறுபடியும் நிமிர்ந்துகொண்டது.

இரும்புக்கு ரோஷம் அதிகம். மாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு நாலு விரற்கடை வளைத்தால், கையை எடுத்த கணமே அது ஒரு விரற்கடையைத் திருப்பிப் பிடுங்கிக்கொண்டது.

பட்டறை முதலாளி அவன் மனைவியின் அண்ணன். அதனால் அங்கே அவன் பெயரே மாப்பிள்ளை. மரியாதை அந்தப் பெயரோடு சரி. நேற்றுதான் மச்சான் சொல்லியிருந்தார்: "இன்னும் ஒரு வேலை கெட்டுச்சுன்னா வேற இடம் பாத்துக்கங்க மாப்பிள்ளை. தங்கச்சி அழுதாலும் சரி."

இன்றைக்கென்று பார்த்து அரை மணி தாமதம். மச்சான் வெளியே போய்விட்டிருந்தார். மேசைமேல் இரண்டு குழாய்கள். ஒன்று நேராக; மற்றது நடுவில் வளைந்து, வளைவில் கட்டைவிரல் பதிகிற மாதிரி ஒரு பள்ளத்தோடு. கூடவே ஒரு சீட்டு: 'ஜோடி. பன்னிரண்டு மணிக்கு வருவார்கள்.'

குழாய் வளைக்கிற பட்டறையில் இதில் என்ன சந்தேகம்? நேராக இருப்பது இன்னும் வேலை முடியாதது.

கைப்பேசி அடித்தது. மனைவி.

"என்னங்க, இப்படி மூச்சு வாங்குது?"

"ஜோடி சேத்துக்கிட்டிருக்கேன்."

"யாருக்கு?"

"குழாய்க்குடி!"

"எதுக்கும் அண்ணனை ஒரு வார்த்தை கேட்டுக்கங்க."

"கேட்டா லேட்டா வந்தது தெரிஞ்சிடும். வை போனை."

இந்தத் தடவை ஆறு விரற்கடை வளைத்தான். இரும்பு ரோஷப்படவில்லை, சொன்னபடி அங்கேயே நின்றுவிட்டது. வளைவு கூடிப்போயிற்று. நிமிர்த்தினான். வளைந்த இடம் இறுகிப்போய் மசியவில்லை. பக்கத்து இடம் வளைந்துகொடுத்தது. இப்போது குழாய் பாம்பு மாதிரி இருந்தது. தீயில் காட்டினான். சிவந்ததும் வெண்ணெயாகத் தொய்ந்தது.

மணி பதினொன்றரை. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. இது அதைப் போல ஆகாவிட்டால் என்ன? அதை இதைப் போல ஆக்கிவிடலாமே!

மாதிரிக் குழாயைப் பிடித்து வளைத்தான். அது ஒரு பிடி அதிகம் போயிற்று. உடனே இதைக் கொஞ்சம். பிறகு அதைக் கொஞ்சம். முறைத்துக்கொண்ட இரண்டு சம்பந்திகளை மாறி மாறிச் சமாதானம் செய்வது போலிருந்தது. கடைசியாகச் சுத்தியலால் ஒரே போடு, பள்ளமும் விழுந்தது.

வாசலில் வேன் வந்து நின்றபோது இரண்டு குழாய்களும் இரட்டைப் பிள்ளைகளாகப் படுத்திருந்தன. மச்சான் முன்னால் வர, பின்னாலேயே வேன் டிரைவர்.

"பாருங்க மச்சான், இம்மி பிசகல!"



டிரைவர் குனிந்து இதையும் அதையும் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"ஏங்க, நான் வண்டியில இடிச்சுக் கோணலாக்கினது ஒன்னைத்தானே? இன்னொன்னை எந்த வண்டி இடிச்சுது?"