என் பெயரில் ஒரு கக்கூஸ் கதவு

தீபாவளிப் பரிசு கொடுத்தே ஆட்களைக் கதிகலங்க வைத்தவர் இந்த ஊவா மாகாணத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் பெயின்ட் அக்கா. அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்திருக்க வேண்டும். சம்பளம் கொடுத்த முதலாளிக்கே அது சட்டென்று ஞாபகத்துக்கு வராது.

இலங்கை மலைநாட்டில், பதுளைக் கடைவீதியில் ஒரு ஹார்ட்வெயார் கடை. அங்கே நான் பில் போட்டுக்கொண்டிருந்தேன். பெயின்ட் பகுதி முழுவதும் அக்காவின் ராஜ்யம். என்ன கலர் வேண்டும் என்று வாடிக்கையாளர் முடிவெடுக்கும் வழக்கம் அந்த ராஜ்யத்தில் கிடையாது.

"ரோஸ் கலர்ல ஒரு டின் குடுங்கக்கா."

"எதுக்கு?"

"முன் சுவருக்குத்தான்."

"ரோஸ் அடிச்சா மழை பேஞ்சி பாசி புடிச்சி அசிங்கமா இருக்கும். மஞ்சளைக் கொண்டு போங்க."

கேட்டவர் மஞ்சளோடு போவார். போகும்போது நன்றியும் சொல்லிவிட்டுப் போவார். அதுதான் எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம்.

கடையில் தீபாவளிக்கு ஒரு வழக்கம் வைத்திருந்தோம். எல்லார் பெயரையும் துண்டுக் காகிதங்களில் எழுதி வெறும் பெயின்ட் டின்னில் போட்டுக் குலுக்குவோம். யார் பெயர் யார் கைக்கு வருகிறதோ அவருக்குப் பரிசு வாங்க வேண்டும். லொறி ஓட்டும் சுனில் உட்பட எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு. பரிசு என்ன என்பதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. பெரும்பாலும் தண்ணீர்க் கிளாஸ் செட்தான்.

ஒரு தீபாவளிக்கு அக்கா தனக்கு வந்த பார்சலைப் பிரிக்காமலே திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"இது நான் முந்தி குடுத்த செட்டு. அதே சரிகைப் பேப்பர், நான் ஒட்டுன அதே டேப். ஊரையெல்லாம் சுத்திட்டு என்கிட்டயே வந்திருச்சி. ஒருத்தராச்சும் இதுல ஒரு வாய் தண்ணி குடிச்சீங்களா?"

அக்கா பார்சலை மேசையில் வைத்தார்.

"இனிமே நான் ஒருத்தருக்கும் சாமான் வாங்க மாட்டேன். உங்க பேர்ல, இல்லாதப்பட்டவங்களுக்குக் குடுத்துடுவேன். புண்ணியம் உங்களுக்கு, அலைச்சல் எனக்கு."

நல்ல காரியம்தானே என்று நாங்களும் கை தட்டினோம். அக்காவின் கையில் எப்போதும் ஒரு பிரஷ் இருக்கும் என்பதை அந்த நேரத்தில் ஒருவரும் யோசிக்கவில்லை.

நம் ஆட்களைத் தெரியுமே. கோயிலுக்கு ஒரு டியூப் லைட் கொடுத்தாலும், வெளிச்சம் வருகிற இடத்தை மறைத்து 'உபயம்' என்று பெயரை எழுதிவிட்டுத்தான் மாட்டுவார்கள். அக்காவும் எழுதினார். ஆனால் தன் பெயரை அல்ல, எங்கள் பெயரை. டியூப் லைட்டிலும் அல்ல.

முதலில் மாட்டியவர் முதலாளி. டீக்கு இரண்டாவது கரண்டி சீனி போட்டாலே முகம் சுளிக்கிற மனிதர். அவர் பெயரில் பூனாகலைப் பக்கம் ஒரு லயத்துக்கு, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, தண்ணீர் பிடித்து வைக்கப் பெரிய பிளாஸ்டிக் தாங்கி போய்ச் சேர்ந்தது. கறுப்புத் தாங்கியில் மஞ்சள் எழுத்து, ரோட்டிலிருந்து பார்த்தாலே தெரியும். வாரம் முடியவில்லை, நன்கொடைப் புத்தகத்தோடு கோயில் கமிட்டி வந்தது. பின்னால் கிரிக்கெட் கிளப் வந்தது. மரண உதவிச் சங்கம் வந்து அவரைப் போஷகர், அதாவது புரவலர், ஆக்கிவிட்டுப் போனது. "ஊரே நம்மளை வள்ளல்னு சொல்லுதேம்மா" என்று அக்காவிடம் முனகினார். "சொல்லட்டுமே மொதலாளி, கேக்க நல்லாத்தானே இருக்கு?" என்றார் அக்கா. மனிதர் வேறு வழியில்லாமல் அன்றிலிருந்து கொஞ்சம் நல்லவராகிப் போனார்.

அடுத்த வருஷம் சுனில் பெயரில் ஒரு தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுக்கு, வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடத்துக்கு, தொட்டிலில் விரிக்கும் ரப்பர் சீட்டுகள் போயின. சுனில் சிங்களவர், எங்களைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். "நம்ம பேர் மேல தெனமும் புள்ளைங்க மூத்திரம் போகுது மச்சான்!" என்று கடைக்கு வருகிற எல்லோரிடமும் பெருமையோடு சொன்னார். போய் அந்தச் சீட்டோடு ஒரு செல்ஃபியும் எடுத்து வந்தார். சில பிறவிகள் அப்படி.

"பேர் எழுதாமக் குடுத்தா என்னக்கா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"எழுதாட்டி அது நான் குடுத்ததா ஆயிடும்ல? உன் பரிசை நான் எடுத்துக்கிட்ட மாதிரி. அது களவு தம்பி."

நான் பில் போடப் போய்விட்டேன்.

அடுத்த குலுக்கலில் அக்கா கைக்கு என் பெயர் போனது. அப்போது எனக்கு மும்முரமாகப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்கைந்து வீட்டில் டீயும் பலகாரமும் கொடுத்து, பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்று அனுப்பியிருந்தார்கள். சொல்லி அனுப்பவே இல்லை. வயதும் முப்பத்தைந்தைத் தொட்டுவிட்டது. அம்மா கோயில் கோயிலாக ஏறி இறங்கினார். நல்ல சட்டையாவது போட்டுக்கொண்டு போனால் காரியம் நடக்குமோ என்று எனக்கு ஒரு நப்பாசை.

"அக்கா, என்னை மட்டும் விட்டுடுங்க. ஒரு சட்டை வாங்கித் தாங்க, போதும்."

"இருக்கிற சட்டைக்கு என்ன வந்துச்சி? தோய்ச்சி அயர்ன் பண்ணுனா மாப்பிள்ளை மாதிரி இருப்ப."

தீபாவளிக்கு முதல் நாள் என் போனுக்கு ஒரு படம் வந்தது. மடுல்சீமைக்கு அப்பால் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடம். அதன் பிள்ளைகள் கக்கூஸ். அதில் பளபளவென்று புதிய நீலக் கதவு. கதவின் நடுவே, தலைவர்கள் சிலைக்கு அடியில் எழுதுகிற அளவு எழுத்தில், 'உபயம்: ப. மோகன்ராஜ், பதுளை.' சிமெந்து ஏற்றிப் போன சுனிலின் லொறியில் கதவையும் ஏற்றிப் போய், கூடவே நின்று பொருத்த வைத்துவிட்டு வந்திருக்கிறார் அக்கா.

கடையே உருண்டு சிரித்தது. எனக்குக் கோபம் வந்தாலும், அந்த ரோட்டில் பதுளைக்காரன் எவன் போகப் போகிறான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

நான்தான் போனேன். தை மாதம் தரகர் ஒரு ஜாதகம் கொண்டுவந்தார். பெண் டீச்சர், பொருத்தம் எல்லாம் நன்றாக இருக்கிறது, வீடு மடுல்சீமைப் பக்கம் என்றார். அம்மாவுக்கு வந்த சந்தோஷத்தில் நான் அந்த ஊர்ப் பெயரைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. பசறை தாண்டி, குலுங்கிக் குலுங்கிப் போன வேன் ஒரு பள்ளிக்கூடத்தைக் கடந்தது. நீலமாக ஏதோ கண்ணில் பட்டது. நான் குனிந்து செருப்பு வாரைச் சரி செய்தேன்.

பெண்ணின் தாய்மாமன் வாசலுக்கு வந்து வரவேற்றார்.

"வாங்க, வாங்க. மாப்பிள்ளைக்குப் பேரு?"

"மோகன்ராஜ்ங்க."

அவர் கை கூப்பியபடியே நின்றுவிட்டார். "பதுளை மோகன்ராஜா? முன்னெழுத்து?"

"ப."

உள்ளே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அடுத்த வீட்டுப் பெண்மணி வேலிப் பக்கமாக எட்டிப் பார்த்துவிட்டு, மலையே கேட்கும்படி கூப்பிட்டார். "அடியே, ஓடியாங்கடி! கக்கூஸ் கதவு வந்திருக்காரு!"

எங்களை உள்ளே உட்கார வைத்த நேரத்தில் லயமே வாசலுக்கு வந்துவிட்டது. அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. "எந்திரிடா, போவோம்" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. இந்த இடமும் போய்விட்டது, இனி எனக்குக் கல்யாணமே இல்லை என்று முடிவு கட்டினேன். பெயின்ட் அக்காவை மனதுக்குள் திட்டாத திட்டு இல்லை.

அந்த நேரத்தில் டீச்சர் டீயோடு வந்தார். சிரிக்கவில்லை. எனக்கு எதிரே நின்று நேராகக் கேட்டார்.

"அந்தக் கதவு வர்ற வரைக்கும் எங்க பெரிய பொம்பளப் புள்ளைங்க இன்டர்வெல்லோட வீட்டுக்கு ஓடிருவாங்க. திரும்பி வர மாட்டாங்க. நானும் காலையில தண்ணி குடிக்காமத்தான் ஸ்கூலுக்குப் போவேன். இப்ப எல்லாரும் கடைசி மணி வரைக்கும் இருக்காங்க. நீங்கதான் குடுத்தீங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தாலி கட்டிய மாதிரிதான். அம்மா வேறு 'ஆமான்னு சொல்லுடா' என்று கண்ணால் கெஞ்சினார். ஆனால் அந்தப் பெண் தண்ணீர் குடிக்காமல் போன கதையைக் கேட்ட பிறகு எனக்குப் பொய் வரவில்லை.

"இல்லைங்க. எங்க கடையில ஒரு அக்கா குடுத்தாங்க. நான் சட்டைதான் கேட்டேன்."

டீச்சர் சிரித்தார் பாருங்கள், தட்டில் இருந்த டீ பாதி என் காற்சட்டையில் கொட்டியது. தாய்மாமன் சிரித்தார், லயம் சிரித்தது, கடைசியில் அம்மாவும் சிரித்துவிட்டார். நாங்கள் கிளம்பும் முன்பே சரி என்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் கடைக்கு ஓடினேன். அக்கா ஏதோ ஒரு டின்னைக் கலக்கிக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கையை மட்டும் நிறுத்தவில்லை.

"அதெல்லாம் சரி. கதவோட உள்பக்கக் கொண்டி நல்லா விழுதா? அன்னைக்குக் கொஞ்சம் இறுக்கமா இருந்துச்சி. சின்னப் புள்ளைங்க கைக்குப் போட வருமோ வராதோ."

நான் பார்க்கவில்லை. குனிந்து செருப்பு வாரை அல்லவா பார்த்தேன்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை டீச்சரையும் கூட்டிக்கொண்டு போய், என் பெயர் எழுதிய கக்கூஸுக்குள் நின்று, ஒரு விரலால் கொண்டியைத் தள்ளிப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு விழுந்தது. உள்ளிருந்தே போன் போட்டேன்.

"நல்லா விழுதுக்கா. ஒத்தை வெரலுக்கே விழுது."

"அப்பாடா," என்றார். இத்தனை நாளும் அதே நினைப்பாக இருந்திருக்கிறார் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. அந்த மனுஷி மேல் எனக்கு எவ்வளவு பாசம் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிய வந்தது. வெளியே டீச்சர் தட்டிக் கூப்பிடும் வரை, போனைக் காதில் வைத்தபடி உள்ளேயே நின்றுகொண்டிருந்தேன்.