இன்டர்வியூ அக்காவுக்கு வராத பாட்டு

மாத்தளை டவுனில் இன்டர்வியூ அக்காவிடம் ஒரு தடவையாவது ஃபெயிலாகாத ஆள் கிடையாது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே போடிங்கில் வாடகைக்குத் தங்கியிருந்தோம். எனக்குத் துணிக்கடையில் வேலை. அக்கா காலையில் இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியர். பின்னேரம் டவுனில் ஒரு கொமினிகேஷன் கடையில் போட்டோக்கொப்பி அடிப்பார். நிரந்தர ஆசிரியராக வேண்டுமானால் பயிற்சிக் கல்லூரிக்குப் போக வேண்டும். அதற்கு நேர்முகப் பரீட்சை.

அடிப்படைத் திறன் பார்க்கிறோம் என்று வாசிக்கச் சொன்னார்களாம், வாசித்தார். கரும்பலகையில் எழுதச் சொன்னார்கள். அச்சு மாதிரி எழுதினார். கணக்கும் சரி. கடைசியில் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பாட்டுப் பாடிக் காட்டச் சொன்னார்கள். அங்கேதான் எல்லாம் கவிழ்ந்தது. லக்கல பக்கம் யானை விரட்டுகிறவர்கள் அக்காவைப் பாட வைத்திருந்தால் வெடியே தேவைப்பட்டிருக்காது, அப்படி ஒரு குரல்.

"அடுத்த வருசம் வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

"டீச்சருக்கு மட்டுந்தானா டெஸ்ட்டு? எல்லாருக்கும் வைப்போம்," என்று கைப்பையைக் கட்டிலில் எறிந்தார் அக்கா. மறுநாளே தொடங்கிவிட்டார். ரொட்டிக் கடைக்காரரிடம், "நானா, ஒத்தக் கையால முட்டைய ஒடச்சுக் காட்டுங்க." முட்டைக் கோது உள்ளே விழுந்தது. "அடுத்த வருசம் வாங்க," என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார். பல்லேபொல ரோட்டில் த்ரீவீல்காரர் வண்டியைப் பின்னுக்கு எடுத்துக் காட்டிய பிறகுதான் ஏறினார். பல் வைத்தியரிடம், "மொதல்ல ஒங்க வாயத் தொறங்க டொக்டர்" என்றார். அந்த மனுசனும் திறந்தாராம். என்னைச் சேலை மடிக்க வைத்து, மூலை சரியில்லை என்று ஃபெயிலாக்கினார்.

இதற்கிடையில் குளிக்கும்போது பாட்டுப் பழக்கம் வேறு. போடிங் வீட்டுக்காரி ராத்தா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் கதவைத் தட்டினார். "நீங்க பாஸாகோணும்னு நான் துஆ கேக்குறேன் புள்ள. பாட்ட மட்டும் நிப்பாட்டுங்க."

நானும் விழுந்து விழுந்து சிரித்தவள்தான். ஒரு நாள் அவர் வகுப்பைப் பார்த்தேன், சிரிப்பு போய்விட்டது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள், கொழுந்து பறிக்கிறவர்களின் பிள்ளைகள், பழைய பேப்பரைத் தடதடவென்று வாசிக்கிறார்கள். வாய் திறக்காத ஒரு பெண்பிள்ளை அக்காவின் காதில் மட்டும் வாசித்துக் காட்டியது. பாட்டு நேரம் வந்ததும் பிள்ளைகளே பாடினார்கள், அக்கா கைதட்டினார். அவ்வளவுதானே விசயம்? இதை வந்து பார்க்க இன்டர்வியூ வைத்த பெரிய மனிதர் ஒருவருக்கும் பஸ் கிடைக்கவில்லையா? எனக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது. சங்கீதம் தெரிந்தவர்தான் வேண்டுமென்றால் சங்கீத டீச்சரை எடுத்துக்கொள்ளட்டும். ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுக்க எதற்கு ராகம்?

அடுத்தடுத்த வருசங்களிலும் பாட்டால்தான் போனது. கடைசியாகப் போனபோது அதோடு வயதெல்லை முடிகிறது. அக்கா பாடினார். இன்டர்வியூ போர்டில் இருந்த ஒரு சேர் வாய்விட்டுச் சிரித்தாராம்.

"சேர், நீங்க ஒரு தரம் பாடுங்க. கேட்டுப் பழகிக்கிறேன்," என்றிருக்கிறார் அக்கா.

சேரும் ஏதோ ஒரு ஆசையில் பாடிவிட்டார்.

"நீங்களும் அடுத்த வருசம் வாங்க சேர். எனக்குத்தான் வயசு முடிஞ்சிருச்சு."

போடிங்குக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ராத்தா தேத்தண்ணி கொண்டுவந்து கையில் கொடுத்தபோது ஓவென்று அழுதுவிட்டார்.

போன விஜயதசமிக்கு என் மகளுக்கு ஏடு தொடக்க வேண்டியிருந்தது. கோவிலில் ஐயர் இருந்தார், டவுனில் பெரிய பள்ளிக்கூடத்து அதிபரும் வந்திருந்தார், நீளமான வரிசை. "இங்கேயே நிப்போமே," என்றார் என் வீட்டுக்காரர். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, அரிசித் தட்டோடு, நேரே அக்காவின் கொமினிகேஷனுக்கு நடந்தேன்.

அக்கா பதறிவிட்டார். "எங்கிட்டயா? நான் டீச்சர் இல்லியேம்மா."

"எனக்கு ஒங்களத் தவிர வேற டீச்சரத் தெரியாது," என்று பிள்ளையை அவர் மடியில் வைத்தேன். வேறு யாருடைய கையும் என் மகளின் விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுதுவதில் எனக்குச் சம்மதமில்லை.