கைப்பிடி தேடிய ஹார்லன்

ரிவால்வர் வைத்திருப்பவர்களில் இரண்டு வகை உண்டு. சுடுகிறவர்கள் ஒரு வகை. இவர்களைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை. அதற்கென்று போலீஸ் இருக்கிறது. இன்னொரு வகை, கைப்பிடிக்காரர்கள். பரம சாதுக்கள். ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்காதவர்கள். வீட்டு மரச்சாமான்கள்தான் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

இந்த வகையில் அப்பழுக்கில்லாத ஓர் உருப்படியைப் பார்க்க விரும்பினால், நீங்கள் வயோமிங்கில் டிரை ஃபோர்க் என்ற ஊருக்குத்தான் வர வேண்டும். பெயர் ஹார்லன் ப்ரூயிட். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு ஒரு ரிவால்வர் வாங்கினார். ஊரில் எல்லோரும் கிளப் மைதானத்தில் தகர டப்பாக்களைச் சுடுகிறார்கள், நாமும் சுடுவோமே என்றுதான். வாங்கி வருஷங்கள் ஓடிவிட்டன. அதிலிருந்து ஒரு தோட்டா வெளியே வந்ததில்லை. ஏன் என்று கேளுங்கள். வேண்டாம், கேட்காதீர்கள். கேட்டவர்கள் அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு போய்ச் சேரவில்லை.

விஷயம் இதுதான். ரிவால்வர் வந்தபோது அதில் கறுப்பு ரப்பர் கைப்பிடி போட்டிருந்தது. உள்ளங்கை வலிக்காது, வியர்த்தாலும் வழுக்காது, ஊரில் பாதிப்பேர் அதை வைத்துத்தான் சுடுகிறார்கள். ஹார்லன் அதை ஒருமுறை பிடித்துப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"கை ஒத்துக்கல."

அன்றிலிருந்து அது அவருடைய தாரக மந்திரம் ஆயிற்று. துப்பாக்கிக் கடை ரூபன் ஸ்டாக்டேலுக்கு ஹார்லனின் கார் சத்தம் கேட்டாலே கொட்டாவி வந்துவிடும்.

"வாப்பா ஹார்லன். இன்னிக்கு எதைத் தடவப் போற?"

"முத்துச்சிப்பி இருக்கா?"

இருந்தது. வாங்கினார். மாட்டினார். நிலைக்கண்ணாடி முன்னால் நின்று பார்த்தார். திருவிழா மேடையில் பாட வந்தவர் மாதிரி இருந்தது. கழற்றினார். மான் கொம்பு வாங்கினார். கொம்பு என்றால் மான் தன் இஷ்டத்துக்கு வளர்த்ததுதானே, இடது பக்கம் மெலிசு, வலது பக்கம் புடைப்பு. பிடித்தால் ஒரு பக்கம் பல்வலி வந்த கன்னத்தைத் தாங்குவது போலிருந்தது. கழற்றினார். துணியைப் பசையில் தோய்த்து அடுக்கடுக்காக அழுத்திச் செய்த பலகையில் ஒன்று உண்டு, பாறாங்கல் மாதிரி உழைக்கும், மழைக்கும் வெயிலுக்கும் அசையாது என்று ரூபன் சத்தியம் செய்தார். "துணியா? மேஜை விரிப்பைப் பிடிச்சிக்கிட்டா சுடறது?" என்று அதையும் தள்ளினார். கடைசியில் மாட்டெலும்பில் ஒரு ஜோடி. பால் நிறம், பட்டுப் போன்ற வழவழப்பு. கை கிட்டத்தட்ட ஒத்துக்கொண்டுவிட்டது. வாசல் படியில் காயவைத்துவிட்டு எண்ணெய் எடுத்துவர உள்ளே போனார். திரும்பி வருவதற்குள் பக்கத்து வீட்டு நாயும் ஒத்துக்கொண்டுவிட்டது.

இதற்குள் அவருடைய வலது கை அவர் பேச்சையே கேட்பதில்லை. கடையில் வாழைப்பழம் வாங்கப் போனால் பழத்தைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொள்ளும். மாதா கோயிலில் பெஞ்சின் முனையைத் தடவும். ஒரு சாவு வீட்டில் சவப்பெட்டியின் பிடியைத் தூக்கியவர், "பரவாயில்லையே, என்ன மரம்?" என்று பெட்டியைத் தூக்கிய மற்றவர்களிடம் கேட்டுவிட்டார்.

"டேய், அந்த ரப்பரையே மாட்டிக்கிட்டு ஒரு ரவுண்டு சுட்டுத்தான் பாரேன்" என்றார் சிநேகிதர் க்ளீட்டஸ்.

"நீ பேசுவே. உனக்கு எதைக் கொடுத்தாலும் சுடுவே."

"அதுக்குத்தானடா துப்பாக்கி!"

ஹார்லன் பரிதாபமாகப் பார்த்தார். சில பேருக்குச் சொன்னால் புரியாது.

இலையுதிர் காலத்தில் ஒரு நாள், அவர் மனைவி நாடீன் நிலவறையிலிருந்து ஜாடிகள் எடுத்துவரச் சொல்லி அனுப்பினாள். அங்கேதான் விதி சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. சாப்பாட்டு மேஜையை நீளமாக்க, இரண்டாக இழுத்து நடுவில் செருகும் பலகை அது. வருஷத்தில் ஒரே நாள், நன்றித் திருநாள் விருந்துக்கு மட்டும் மேலே வரும். கறுப்பு வால்நட் மரம். நாடீனின் அம்மா வைத்துவிட்டுப் போன மேஜை. அதற்காக நாடீனும் அவள் அக்கா ஓபலும் போட்ட சண்டையில் இரண்டு கிறிஸ்துமஸ் பாழாயிற்று. முடிவில் மேஜை நாடீனுக்கு வந்தது. "நீ அதை உருப்படியா வெச்சிருக்க மாட்டடி" என்ற சாபம் கூடவே வந்தது.

பலகையின் நட்ட நடுவில், மேகம் சுருண்டதுபோல் ஓர் அழகான சுழி. ஹார்லன் கையை வைத்தார். கை ஒத்துக்கொண்டது!

இந்த இடத்தில் நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? ஜாடியை எடுத்துக்கொண்டு மேலே வந்திருப்போம். கைப்பிடிக்காரர் அப்படி வருவாரா? மேஜை விரிப்பு மூடிவிடும், விரிப்பின்மேல் தட்டுகள் மூடிவிடும், தட்டுகளை வான்கோழி மூடிவிடும், வான்கோழிக்கு அடியில் எவன் பார்க்கப் போகிறான் என்று படிப்படியாக யோசித்தார். சரி, ஓரத்திலாவது வெட்டியிருக்கலாம். சுழி நடுவில் அல்லவா இருந்தது!

ஓர் உள்ளங்கை அகலம் வெட்டியெடுத்து, அதைக் கனத்தில் இரண்டு தகடாகப் பிளந்து, இழைத்து, தேய்த்து, எண்ணெய் கொடுத்து மாட்டினார். இரு பக்கமும் ஒரே சுழி, கண்ணாடியில் பார்த்ததுபோல. ஹார்லன் கண்ணை மூடினார். ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வந்தது.

நன்றித் திருநாள் வந்தது. பலகையை அவரே மேலே கொண்டுவந்து, அவரே செருகி, அவரே விரிப்பைப் போட்டார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் விரிப்பைத் தொடாத மனுஷன். நாடீன் உருகிப்போனாள். ஓபல் தன் கணவரோடு வந்தாள். வந்ததும் மேஜையின் கால்களைக் குனிந்து பார்த்தாள். கீறல் இல்லை என்று தெரிந்து கொஞ்சம் வாடினாள். க்ளீட்டஸும் வந்தார். ஹார்லன் இடுப்பில் உறையோடு, தோட்டா இல்லாத ரிவால்வரை மாட்டிக்கொண்டு, கைப்பிடி தெரிகிற பக்கமாகவே எல்லோருக்கும் எதிரில் நடந்தார்.

பிரார்த்தனை முடிந்தது. வான்கோழி நடுவில்தான் இருந்தது. ஆனால் ஓபலுக்கு நெஞ்சுக்கறி வேண்டியிருந்தது. வான்கோழித் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். காலியான இடத்தில் குழம்புக் கிண்ணத்தை வைத்தாள்.

கிண்ணம் சற்று யோசித்தது. பிறகு விரிப்போடு சேர்ந்து, கப்பல் முழுகுவதுபோல, மரியாதையாகக் கீழே இறங்கியது.

"ஐயோ, என் பேண்ட்டு!" என்று க்ளீட்டஸ் எழுந்து குதித்தார்.

ஓபல் விரிப்பைத் தூக்கினாள். ஓட்டை. அதன் வழியே க்ளீட்டஸின் முழங்காலில் வழியும் குழம்பு நன்றாகத் தெரிந்தது.

"என்னடி நாடீன் இது? ஜன்னலா?"

நாடீன் ஓட்டையைப் பார்த்தாள். ஓட்டையின் ஓரத்தில் பாதியில் நின்ற சுழியைப் பார்த்தாள். பிறகு கணவரின் இடுப்பில் மீதிச் சுழியைப் பார்த்தாள். ஹார்லன் வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கைப்பிடியைக் கையால் மறைத்தார்.

நாடீன் ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

"நான்தான்க்கா வெட்டச் சொன்னேன். சாப்பாட்டைச் சூடா வெச்சுக்கற மின்சாரத் தட்டு வாங்கப் போறேன். ஒயர் போக வழி வேணாமா? யாரும் தடுக்கி விழக்கூடாது பாரு."

ஓபல் ஓட்டையை விரலால் அளந்தாள். பிறகு கணவர் பக்கம் திரும்பினாள்.

"பாத்தீங்களா? நம்ம வீட்ல இப்படி ஒரு யோசனை யாருக்காவது வருதா?"

விருந்தாளிகளின் கார்கள் மறைந்ததும் நாடீன் வாசல் கதவைச் சாத்தினாள். குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயங்கரம்.

"தோட்டாவை எடு."

"நாடீன், நான் சொல்றதை..."

"எங்கம்மா மேஜையை வெட்டினே. எங்கக்கா கிட்ட என்னைப் பொய் சொல்ல வெச்சே. இப்ப நீ சுடணும். நான் பாக்கணும்."

கொட்டகைக்குப் பின்னால், வேலிக்கு அப்பால் மேடு தவிர வேறெதுவும் இல்லாத இடத்தில், ஜெல்லி டப்பா ஒன்றைக் கம்பத்தில் வைத்தாள். காதை அடைத்துக்கொள்ளப் பஞ்சு கொடுத்தாள். ஹார்லன் பிடித்தார். கை பூரணமாக ஒத்துக்கொண்டிருந்தது. விசையை இழுத்தார்.

டமார்!

டப்பா அப்படியே இருந்தது. ஹார்லன்தான் இரண்டடி பின்னால் இருந்தார். முகம் வெளுத்து, தொப்பி ஒரு பக்கம் தொங்க, மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"நாடீன்... இவ்வளவு சத்தமா வரும்?"

நாடீனிடம் மூன்று வாரத்துக்குத் தாங்கும் கோபம் இருந்தது. எல்லாம் வயிற்றுக்குள்ளேயே சிரிப்பாகிப் புரையேறியது. வேலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "பேருந்து ஓட்டின மனுஷன்! அறுபது பிள்ளைங்க கத்தும்போது அசராம ஓட்டின மனுஷன்!"

"அது வேற சத்தம்" என்றார் ஹார்லன், ரோஷத்தோடு.

மறுநாளே ரிவால்வர் ரூபன் கடைக்குத் திரும்பிப் போயிற்று, அதே கறுப்பு ரப்பரோடு. மின்சாரத் தட்டு வாங்கியே தீர வேண்டியிருந்தது, ஓபல் வந்து பார்ப்பாளே. ஹார்லன் இப்போது மீன் பிடிக்கப் போகிறார். அதாவது, போவதாக இருக்கிறார். தூண்டிலின் பிடி தக்கையா, மூங்கிலா என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. எங்கோ வயோமிங்கில் ஒரு கிறுக்கன் என்று நிம்மதியாகப் பக்கத்தைத் திருப்பப் போகிறீர்கள். திருப்புங்கள். ஆனால் நாளையிலிருந்து காலையில் நடப்பது என்று முடிவு செய்து, அதற்குத் தகுந்த காலணியைத் தேடி, குதிகாலுக்கு மெத்தையா காற்றா என்று கடை கடையாகக் கேட்டு, ஒருவழியாக வாங்கிவந்தீர்களே, அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது? வேண்டாம், இப்போது எழுந்துபோய்ப் பார்க்காதீர்கள். உங்கள் வீட்டில் ஒருவர் உங்களையே கவனித்துக்கொண்டிருக்கிறார்.